மூன்றாவது ஓலை

போன சனிக்கிழமை ராமேஸ்வரம் ரயிலில் நின்றுகொண்டே போனேன். உட்காரவா? அந்த ரயிலிலா? புண்ணியம் தேடிப் போகிற கூட்டம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் அதுவும் ஒரு புண்ணியம்தான். யார் சொல்வது? பரமக்குடியில் சேலை மூட்டைகளோடு ஒரு கூட்டம் ஏறியது. அதில் ஒரு மூட்டை என் கால் மேல் இறங்கியது. எந்தக் கால்? முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, இந்தப் பக்கத்திலேயே வாரக்கணக்கில் புலம்பி உங்களைப் பாடாய்ப் படுத்தினேனே... அதே கால்!

"யோவ், கால்!" என்று கத்தினேன்.

"காலு இருந்தா ஓரமா வச்சுக்கிறணும்யா" என்றார் மூட்டைக்காரர். ஓரமாக வைத்துக்கொண்டேன்.

இத்தனை பாடு பட்டு எங்கே போனேன் என்கிறீர்களா? துக்கம் விசாரிக்க. ஞானமுத்து சார் இறந்தபோது நான் மாவுக்கட்டோடு கிடந்தேன். போக முடியவில்லை. கால் முறிந்ததை எழுதி ஒரு கார்டு மட்டும் போட்டேன். கட்டைப் பிரித்ததும் முதல் பயணம் அவர் வீட்டுக்குத்தான் என்று வைத்திருந்தேன்.

ஞானமுத்து சார் யார்? எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். மதுரைப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி, அதில் ஆங்கிலப் புரொபசர். பிறந்தது மண்டபத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். அவருடைய அய்யா அங்கே உபதேசியார். பாதிரியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதம் வாசித்து ஜெபம் நடத்துகிறவர். அந்த அய்யாவின் குரல் அப்படியே மகனுக்கு வந்திருந்தது. ராமநாதபுரம் மிஷன் பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி, அதே கல்லூரியில் வேலை... எங்கே போனாலும் அந்தக் குரல்தான் முன்னால் போகும், ஆள் பின்னால் வருவார்.

வகுப்பில் அவர் அதிகம் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்று. "வாசி."

எழுந்து வாசிப்போம். "வயித்துல இருந்து வாசி. மூக்கால வாசிக்காதே." மறுபடி வாசிப்போம். கடைசிப் பெஞ்சில் இருப்பவன் காதில் விழுந்ததா என்று அவனையே கேட்பார். அவன் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பான். எழுப்பி அவனையும் வாசிக்கச் சொல்வார்.

டென்னிஸ் ஆடுவார். வெள்ளைக் கால்சட்டை, கலையாத கிராப்பு, எல்லாம் பிரமாதம். ஜெயித்து மட்டும் யாரும் பார்த்ததில்லை. பந்தை அடித்ததைவிட எதிராளியிடம் 'சாரி' சொன்னதுதான் அதிகம். கல்லூரி விழாவுக்கு வருடா வருடம் இங்கிலீஷ் நாடகம் போடுவார். ஒரு தடவை காரங்காட்டு மீனவப் பையன் ஒருவனுக்கு ராணி வேஷம். வலை இழுத்துக் காய்த்த கை, வளையல் ஏறவே இல்லை. நாங்கள் சிரித்தோம். "வாயத் திறந்து பேசட்டும், ராணியாகிருவான். வளையல் எதுக்குப்பா?" என்றார் சார். அன்றைக்கு அந்தப் பையன் வாயைத் திறந்ததும் விழாவுக்கு வந்திருந்த கலெக்டரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிக்காது. கதை சொல்வது. பரீட்சையில் ஒரு நாவலைப் பற்றிக் கேட்டால் நாங்கள் கதைச் சுருக்கத்தை எழுதி வைப்போம். சாருக்குக் கோபம் வந்துவிடும். "கதையை உன் அத்தைகிட்டப் போய்ச் சொல்லு. எழுதுனவன் எப்படி எழுதியிருக்கான்? அதைச் சொல்லு எனக்கு!" வகுப்பில் முப்பது வருடம் பாடம் நடத்திய அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு கதை வந்து நான் கேட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்த வருடம், டிபார்ட்மெண்டின் வெள்ளைக்காரத் தலைவர் கப்பலேறினார். நாற்காலி ஞானமுத்து சாருக்கு வந்தது. நாங்கள் மாலை போட்டோம், கைதட்டினோம். ஒரு உபதேசியார் மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எங்களுக்கெல்லாம் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி இருந்தது.

அதே வருடம், மழைக்காலத்தில், குவார்ட்டர்ஸில் அவருடைய ஒரே குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த பெண். ஆறு வயது இருக்கும். பாப்பா என்று கூப்பிடுவார்கள். பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் சார் வகுப்புக்கு வந்தார். "வாசி" என்றார். நாங்கள் வாசித்தோம். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

படிப்பு முடிந்து அவர் கீழேயே இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பிறகு இந்தப் பத்திரிகைப் பிழைப்பு. சார் ரிடையர் ஆகி மனைவியோடு சொந்த ஊருக்கே போய்விட்டார். அந்த வீட்டுக்குத்தான் போன சனிக்கிழமை, மண்டபத்தில் இறங்கி, ஒற்றைமாட்டு வண்டி பிடித்து, காலைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

கடலைப் பார்த்த சின்ன ஓட்டு வீடு. முன்வாசல் கதவு பாதி சாத்தியிருந்தது. பட்டப்பகலில், அந்தக் காற்றுக்கு, எதற்குச் சாத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளைச் சேலையில் சொர்ணம்மாள் வந்து கதவைத் திறந்தார். சாரின் மனைவி. இந்த அம்மாள் எழுத்துக்கூட்டி வேதப் புத்தகம் வாசிப்பார், அவ்வளவுதான் படிப்பு. இங்கிலீஷ் புரொபசர் மனைவிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது என்று அந்தக் காலத்தில் குவார்ட்டர்ஸ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"வாங்க தம்பி. காலு தேவலையா?" என்றார். அவர் துக்கத்தை நான் கேட்பதற்குள் என் காலை அவர் கேட்டுவிட்டார்.

உள்ளே இன்னொரு அம்மாளும் இருந்தார். அடுத்த வீட்டு ஆயிஷா பீவி. கணவர் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். தலையில் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

நாற்காலியில் சாரின் மேல்துண்டு மடித்துப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் தயார் பண்ணி வைத்திருந்த ஆறுதல் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. பிறகு எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"அம்மா, நான் ஏதாவது செய்யணுமா? கூச்சப்படாமச் சொல்லுங்க."

சொர்ணம்மாள் ஆயிஷா பீவியைப் பார்த்தார். ஆயிஷா பீவி, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையாட்டினார்.

"ஒரு கதை பாதியில நிக்குது தம்பி" என்றார் சொர்ணம்மாள். "அவுக சொல்லிக்கிட்டு வந்த இங்கிலீஷ் கதை. அத நீங்க முடிச்சுக் குடுத்துட்டுப் போகணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையா? ஞானமுத்து சாரா?

"ஞாயித்துக்கிழம சாயங்காலமானா புஸ்தகத்தத் தொறந்து வச்சுக்கிட்டு எங்களுக்குத் தமிழ்ல சொல்லுவாக" என்றார் ஆயிஷா பீவி. "அக்காவுக்குக் கலியாணமான புதுசுல இருந்தேயான்னு கேட்டேன். இல்ல, இடையில ஆரம்பிச்சதுன்னாக. அவுக இங்கன வந்தப்புறம்தான் நான் கேட்டது, முன்கதைய அக்கா சொன்னாக. என்னா கதைங்கிறீக! அந்தப் பொண்ணு லில்லி இருக்காளே, எங்க வீட்டுப் பிள்ள மாதிரி ஆயிட்டா."

எனக்கு உள்ளூர ஒரு கர்வம் வந்தது. இவ்வளவுதானே? இங்கிலீஷ் நாவல் நான் படிக்காததா? ஆள் பெயரைச் சொன்னால் புத்தகத்தைச் சொல்லிவிடமாட்டேனா? "முதல்ல இருந்து சொல்லுங்க, கண்டுபிடிச்சிடலாம்" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

சொர்ணம்மாள் சொல்ல ஆரம்பித்தார்.

"பனி கொட்டுற ஊரு. வீட்டுக்குள்ள தீ மூட்டிக் குளிர் காயணும். அங்கன ஒரு வாத்தியார் மக, லில்லின்னு பேரு. ஒத்தப் பிள்ள. பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டாக. பாட்டுல பரிசு வாங்குனா. ஒரு வருசம் அம்மை போட்டுச்சு..."

"வேப்பிலையில படுக்கப் போட்டுல்ல காப்பாத்துனாக!" என்றார் ஆயிஷா பீவி.

வேப்பிலையா? பனி கொட்டுகிற ஊரிலா? சரி, சார் நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றியிருப்பார் என்று விட்டேன்.

"அப்புறம் பெரிய பிள்ளையானா. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல கடக்கரைக்குப் போவாதேன்னு அய்யா சொல்லுவாக. அவ கேக்கமாட்டா. பனங்கிழங்க அவிச்சு மடியில கட்டிக்கிட்டு ஓடிருவா. ஒரு வருசம் மழை பேயலைன்னு ஊரே கோயில்ல கூடி ஜெபம் பண்ணுச்சு..."

இங்கிலாந்தில் மழை பெய்யவில்லை என்று ஜெபம்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எந்த நாவலாசிரியன் இதை எழுதியிருப்பான்? மண்டையைக் குடைந்துகொண்டேன். நான் படித்த ஒரு கதாநாயகிகூடப் பனங்கிழங்கு தின்றதாக நினைவில்லை.

"இப்ப லில்லிக்குக் கலியாணம் பேசியாச்சு" என்று ஆயிஷா பீவி முந்திக்கொண்டார். "மாப்பிள்ள தாமசு, கப்பல்ல வேல. கப்பல்காரனுக்குப் பொண்ணக் குடுக்காதீகன்னு நானும் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரக கொழும்புல இருந்து நோம்புக்கு ஒருக்கா வாராக. அந்தப் பாடு எனக்குல்ல தெரியும்! புரபசரண்ணன் கேட்டாகளா? 'நான் என்ன செய்ய ஆயிஷா, புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு'ன்னுட்டாக."

"எதுல நிக்குது கதை?" என்றேன்.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு தம்பி" என்றார் சொர்ணம்மாள். "மூணாவது ஓலை வாசிக்கல."

ஓலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்தவர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பார்கள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்றும் முடிந்தால்தான் கல்யாணம். அந்தக் கடலோரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் ஓலை வாசித்த நாளிலிருந்து கல்யாணப் பெண் வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

"சார் எந்தப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டுச் சொல்வாங்க? அதைக் காட்டுங்க. கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லிடறேன்" என்றேன்.

சொர்ணம்மாள் அலமாரியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். தடிமனான, முதுகு பிய்ந்த புத்தகம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதால் தலையில் அடி வாங்காத மாணவன் எங்கள் கல்லூரியில் கிடையாது. இங்கிலீஷ் உச்சரிப்பு டிக்ஷனரி. அதில் ஏது கதை?

நான் பக்கங்களைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன். கதையே இல்லை. சாராக இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கதை என்றாலே எரிந்து விழுகிற மனிதர்! இதை இந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? உங்கள் கணவர் உங்களை இத்தனை வருடம் ஏமாற்றினார் என்றா?

அந்த நேரம் பள்ளிவாசலில் வாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டு வாரேன் அக்கா" என்று ஆயிஷா பீவி எழுந்து போனார். நான் புத்தகத்தை மூடினேன்.

"அம்மா... இந்தப் புத்தகத்துல..."

"தெரியும் தம்பி" என்றார் சொர்ணம்மாள். "எந்த இங்கிலீஷ்காரி பனங்கிழங்கு அவிச்சுத் திம்பா?"

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா போனப்புறம் நான் வாயே தொறக்கல. சோறு ஆக்குவேன், வைப்பேன், போயி மூலையில உக்காந்துக்குவேன். மாசக்கணக்கா அப்படித்தான். ஒருநா ஞாயித்துக்கிழம சாயங்காலம் இந்தப் புஸ்தகத்த எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாக. ஒரு கத வாசிக்கிறேன் கேளுன்னாக. ஒரு ஊர்ல ஒரு சின்னப் பொண்ணு, பேரு லில்லி, அவளுக்கு எல்லாமே பீச்சாங்கைதான்னு ஆரம்பிச்சாக..."

அவர் நிறுத்தினார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பாப்பாவுக்கும் பீச்சாங்கைப் பழக்கம் தம்பி. சோத்துல அந்தக் கைய வப்பா. நான் அடிப்பேன். நாலு பேரு வந்து போற குவாட்ரஸு, பாக்குறவுக என்ன சொல்லுவாக? அந்தக் கையிலயே அடிப்பேன். காய்ச்சலுக்கு முந்துன நாளும் அடிச்சேன். கதையில அந்த லில்லிய ஒருத்தரும் அடிக்கல. அவ பீச்சாங்கையாலயே எழுதுனா, படம் போட்டா, பரிசு வாங்குனா. அவ ஆத்தா அந்தக் கையப் பிடிச்சு முத்தம் குடுத்தாளாம். அவுக தலையத் தூக்காம, புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே சொன்னாக. அன்னைக்கித்தான் நான் அழுதேன்."

பாப்பாவுக்கு எவ்வளவு வயது ஆகியிருக்குமோ அவ்வளவு வயதுதான் ஒவ்வொரு வருடமும் லில்லிக்கும். பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய வருடம் லில்லி போனாள். பாவாடை தாவணி வயதில் லில்லி பெரியவளானாள். இப்போது பாப்பா இருந்திருந்தால் கல்யாண வயது.

"ஒரு நாளாவது அவங்ககிட்டக் கேட்டீங்களா அம்மா? இது நம்ம பாப்பாதானேன்னு?"

"கேட்டா கத நின்னுருமே தம்பி."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். அந்த அம்மாள் அழவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டாவது ஓலை வாசிச்சாகளா... மறு ஞாயிறு தொண்ட சரியில்லன்னாக. அடுத்த ஞாயிறு தலைவலின்னாக. அதுக்கடுத்து, கண்ணாடியக் காணோம்னு தேடுனாக, கண்ணாடி அவுக மூக்குலதான் இருக்கு! ஆயிஷாகூடச் சிரிச்சா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மகளக் கட்டிக்குடுக்க அவுகளுக்கு மனசு வரல. குடுத்துட்டா கத முடிஞ்சுருமே. அதுக்குள்ள அவுகளே போய்ச் சேந்துட்டாக."

கடல் பக்கமிருந்து காற்று கதவைத் தள்ளியது. சொர்ணம்மாள் எழுந்து போய்க் கதவைப் பழையபடி பாதி சாத்திவிட்டு வந்தார்.

"ஓலை வாசிச்ச பிள்ள தம்பி. வாசலத் தாண்ட முடியாம உள்ளயே நிக்கிறா. இங்கனயும் இல்ல, அங்கனயும் இல்ல. அவுக போன நாளா எனக்கு அந்த நெனப்புத்தான். தூக்கம் பிடிக்கல. கன்னி கழியாமப் பிள்ளைய அப்படியே நிறுத்திட்டு நானும் கண்ண மூடிட்டேன்னா அவளுக்கு யாரு இருக்கா? உங்க குரலு வாசிக்கிற குரலுன்னு அவுக அடிக்கடி சொல்லுவாக. நாளைக்கு ஞாயித்துக்கிழம. இருந்து, மூணாவது ஓலைய வாசிச்சுட்டுப் போங்க."

ஐயா, நான் எத்தனையோ மேடையில் ஏறியவன். மந்திரிகள் முன்னால் பேசியவன். 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அன்றைக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். சொர்ணம்மாள் கூடத்தைக் கூட்டிப் பாய் விரித்திருந்தார். ஆயிஷா பீவி ஒரு பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு, வட்டலப்பம். "கலியாணம் முடிவாகுற நாளுல்ல? வெறுங்கையோடவா வாரது!" என்று சிரித்தார். அவருக்கு இது இன்னமும் இங்கிலீஷ் கதைதான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

சார் உட்காரும் நாற்காலிப் பக்கத்தில் நின்றேன். டிக்ஷனரியைத் திறந்தேன். ஏதோ ஒரு பக்கம். வயிற்றிலிருந்து வாசிக்க வேண்டும், மூக்கால் வாசிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"மூன்றாவது ஓலை" என்று தொடங்கினேன். "மணமகன் தாமஸ். மணமகள்..."

லில்லி என்று சொல்ல வாய் திறந்தேன். சொர்ணம்மாள் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஜெயராணி" என்றார். "ஞானமுத்து, சொர்ணம் மக. ஜெயராணி. அப்படி வாசிங்க."

அப்போதுதான் அந்தக் குழந்தையின் பெயர் எனக்குத் தெரிந்தது. ஆயிஷா பீவி சட்டென்று திரும்பி அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "யா அல்லா... அக்கா, இத்தன நாளும் நம்ம பிள்ளையா?" என்று துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

நான் வாசித்தேன். "மணமகள், காலஞ்சென்ற ஞானமுத்து அவர்களுக்கும் சொர்ணம்மாள் அவர்களுக்கும் மகளான ஜெயராணி. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம்."

கோயிலில் இந்த இடத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். பாதிரியார் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். நானும் நிறுத்தினேன்.

"தடை சொன்ன ஒரே ஆளும் போயிட்டாக தம்பி" என்றார் சொர்ணம்மாள். "இனிமே தடை இல்ல."

எழுந்தார். முன்வாசலுக்குப் போனார். இரண்டு கதவையும் சுவரோடு சேரத் திறந்து விட்டார். கடற்காற்று உள்ளே வந்து பாயின் ஓரத்தைத் தூக்கியது. ஆயிஷா பீவி எழுந்து போய் அந்த அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். வெளியே யாருமில்லை. காய்ந்துகொண்டிருந்த வலை, அதற்கு அந்தப்புறம் மணல், தண்ணீர்.

சொர்ணம்மாள் ஒதுங்கி நின்று வழிவிட்டார். அதற்கப்புறம்தான் அந்த அம்மாளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னார்.

"போயிட்டு வா ஆத்தா. அய்யா அங்கன தனியா இருக்காக... பாத்துக்க. எந்தக் கையால வேணும்னாலும் சாப்பிடு. ஒருத்தரும் ஒன்னைய அடிக்கமாட்டாக."

பெண்ணைப் பெற்றவர்களே, உங்கள் வீட்டுக் குழந்தை இடது கையால் சாப்பிடுகிறதா? சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், விடுங்கள்.